வைரல் லோடு: ‘வைரஸ் தெரியவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் என்ன அர்த்தம்?

எச்.ஐ.வி. உள்ள ஒருவரைப் பற்றி இரண்டு டாக்டர்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். “வி.எல். என்ன வந்திருக்கு?” “டி.என்.டி. சார்.” “அப்ப சரி, அதே மருந்தைக் கொடுங்க.” பேச்சு முடிந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தன்னைப் பற்றி நல்லது சொன்னார்களா கெட்டது சொன்னார்களா என்றே தெரியாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் என்றாலும் சென்னை என்றாலும் இதே கதைதான். வி.எல். என்பது வைரல் லோடு. அது பிடிபட்டுவிட்டால் எச்.ஐ.வி. பற்றி வல்லுநர்கள் பேசுவதில் பாதி புரிந்துவிடும். மஞ்சள் காமாலை வைரஸ்கள் பற்றிய பேச்சும் கொஞ்சம் வசப்படும்.

ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் வைரஸின் மரபுப்பொருள் எத்தனை பிரதி இருக்கிறது என்ற எண்ணிக்கைதான் வைரல் லோடு. பிளாஸ்மா என்பது ரத்தத்தில் அணுக்களை நீக்கியபின் மிஞ்சும் வெளிர் மஞ்சள் நீர். எச்.ஐ.வி.யின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. அது ரத்தத்தில் நுண்ணிய அளவில்தான் இருக்கும். அதைக் கருவி இரண்டாக்கி, நாலாக்கி, எட்டாக்கிப் பெருக்கி, கண்டுபிடிக்கும் அளவுக்குக் கொண்டுவருகிறது. எத்தனை சுற்றில் அந்த அளவு வந்தது என்பதை வைத்து முதலில் எவ்வளவு இருந்தது என்று கணக்குப் போடுகிறது. கொரோனா காலத்தில் ‘சி.டி. வேல்யூ’ என்று ஆளாளுக்குப் பேசினோமே, அது இந்தச் சுற்றுகளின் எண்ணிக்கைதான். சி.டி. குறைவு என்றால் வைரஸ் அதிகம். அதனால்தான் 15 என்று வந்தவரைப் பார்த்து டாக்டர் முகம் சுளித்தார், 34 என்று வந்தவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரசு ஆஸ்பத்திரியின் எச்.ஐ.வி. பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்தில் முதலில் எடுக்கும் டெஸ்ட் வேறு. வைரஸை எதிர்த்து நம் உடம்பு செய்த ஆன்டிபாடி இருக்கிறதா என்று அது பார்க்கும். இருக்கு, இல்லை என்ற இரண்டு பதில்தான். வைரல் லோடோ, ‘எவ்வளவு’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் தொல்லை நம் மாவட்டத்தில் கொஞ்சநஞ்சமல்ல. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மருந்து எடுக்காத ஒருவரின் உடம்பில் என்ன நடக்கிறது? தொற்றிய முதல் சில வாரங்களில் வைரஸ் தாறுமாறாகப் பெருகும். ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சத்தைத் தாண்டுவதும் சகஜம். காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு என்று ஒரு வாரம் படுத்திவிட்டுப் போகும். பலரும் வைரல் பீவர் என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் உடம்பு எதிர்க்கத் தொடங்கியதும் எண்ணிக்கை இறங்கி ஓரளவில் நிற்கும். ஆளுக்கு ஆள் அது மாறும். சிலருக்குச் சில ஆயிரம், சிலருக்கு லட்சம். வெளியே ஒரு அறிகுறியும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடும்.

உள்ளே ஓடுவது வேறு. மருந்தில்லாத ஒருவரின் உடம்பில் நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் கோடி புது வைரஸ்கள் உண்டாகின்றன என்று 1996-ல் கணக்கிட்டார்கள். அதுவரை நோய் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம்தான் பரவலாக இருந்தது. தூக்கம் எல்லாம் இல்லை. தினமும் உண்டாகி, தினமும் அழிந்து, அந்த இழுபறியில் சி.டி.4 என்ற வெள்ளை அணுக்கள் (கொரோனா சி.டி. வேல்யூ வேறு, இது வேறு) கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகின்றன. சி.டி.4 நல்ல நிலையில் 500-லிருந்து 1500 வரை இருக்கும். 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை. வைரல் லோடு நோய் போகும் வேகத்தைச் சொல்லும், சி.டி.4 இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லும். டாக்டர்கள் இரண்டையும் சேர்த்துக் கேட்பது அதற்காகத்தான்.

வல்லுநர்கள் ‘ஒரு லாக் குறைந்திருக்கிறது’ என்பார்கள். ஒரு லாக் என்றால் பத்து மடங்கு, இரண்டு லாக் என்றால் நூறு மடங்கு. ஒரு லட்சம் ஆயிரமானால் இரண்டு லாக் இறக்கம். இப்படிப் பேசக் காரணம் உண்டு. இந்த டெஸ்டில் சின்ன ஏற்ற இறக்கத்துக்கு மதிப்பில்லை. போன முறை 20,000, இந்த முறை 30,000 என்றால் நோய் முற்றிவிட்டது என்று பதற வேண்டியதில்லை. அதே ரத்தத்தை இரண்டு முறை சோதித்தாலே அப்படி வரக்கூடும். மூன்று மடங்காவது மாறினால்தான் டாக்டர் கவனிப்பார்.

இனி மருந்து. இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதன்முதலில் 1986-ல் கண்டறிந்தது சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்மலாவும் சேர்ந்து செய்த வேலை அது. அப்போது கையில் மருந்தே இல்லை. மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்கும் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1996 வாக்கில். நம் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியது 2004 ஏப்ரலில். ஆரம்பத்தில் சி.டி.4 நன்றாக இறங்கியவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். 2017 முதல் பாசிட்டிவ் என்று தெரிந்த எல்லோருக்கும், சி.டி.4 எவ்வளவாக இருந்தாலும், உடனே மருந்து. இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. முதல் இரண்டும் வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றுவதைத் தடுக்கும். மூன்றாவது, அந்த டி.என்.ஏ. நம் அணுவின் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். புது அணுக்களில் வைரஸ் குடியேற வழி அடைபடுகிறது. பழையவை அழிய அழிய எண்ணிக்கை மளமளவென்று இறங்கும். ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் கருவிக்கே எட்டாத அளவுக்குப் போய்விடும்.

ஆகவே இந்தக் கூட்டு மருந்தைக் கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து தொடங்கி ஆறாவது மாதம் ஒரு வைரல் லோடு, பன்னிரண்டாவது மாதம் ஒன்று, அதன்பின் ஆண்டுக்கு ஒன்று எடுப்பார்கள். ரிப்போர்ட்டில் மூன்று விதமாக வரலாம். ‘டார்கெட் நாட் டிடெக்டட்’ என்றால் கருவியின் கண்ணில் ஒன்றும் படவில்லை. டாக்டர் சொன்ன டி.என்.டி. இதுதான். ‘40-க்குக் கீழ்’ என்பது போல வந்தால், ஏதோ இருக்கிறது, ஆனால் எண்ணிச் சொல்லும் அளவுக்கு இல்லை. அந்த 40 சில கருவிகளில் 20 ஆக இருக்கும், சிலவற்றில் 50. அது கருவியின் எல்லைதான், அதை வைத்து நோயை எடைபோடக் கூடாது. மூன்றாவது, ஒரு எண்ணே வருவது. ஆயிரத்துக்குக் கீழே என்றால் மருந்துக்கு அடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று உட்கார்த்தி விசாரித்து, சில மாதம் கழித்து மறுபடி எடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் மருந்தை மாற்றும் பேச்சு. எப்போதும் டி.என்.டி. வந்துகொண்டிருந்தவருக்கு ஒரு தடவை மட்டும் 80, 100 என்று வந்து அடுத்த தடவை மறைவதும் உண்டு. அதற்கு யாரும் கலங்க வேண்டாம்.

டி.என்.டி. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய ஒருவர் கேட்டது இது. “சாரே, அப்போ இனி மாத்திர வேண்டாம் இல்லியா?” பக்கத்தில் நின்ற வயதான நர்ஸம்மா டாக்டருக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டார். “மக்கா, நீ மாத்திர தின்னுறதுனாலதான் ஒண்ணும் தெரியல்ல. நிப்பாட்டிப் பாரு, தெரியும்.” இதைவிடச் சுருக்கமாக எந்த வல்லுநரும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

எச்.ஐ.வி. நம் அணுவுக்குள் போய், அணுவின் டி.என்.ஏ.வோடு தன் டி.என்.ஏ.வைச் சேர்த்துவிடுகிறது என்று பார்த்தோம். சி.டி.4 அணுக்களில் ஒரு பகுதி ஞாபக அணுக்கள். பழைய எதிரி மறுபடி வந்தால் அடையாளம் காண்பதற்காக வேலை எதுவும் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் ஓய்வில் இருப்பவை. அவற்றில் சிலவற்றுக்குள் வைரஸின் டி.என்.ஏ. போய் உட்கார்ந்துகொள்கிறது. அணு ஓய்வில் இருக்கும்வரை அதுவும் சும்மா இருக்கும். புது வைரஸ் எதையும் செய்யாது. நம் மருந்துகளோ வைரஸ் பெருகும் வேலையைத் தடுப்பவை. வேலையே நடக்காத இடத்தில் மருந்துக்கு என்ன வேலை? உடம்பின் காவல் அணுக்களுக்கும் அந்த அணு மற்ற அணுக்களைப் போலத்தான் தெரியும். வயலில் கோரையைப் பிடுங்கிப் போட்டவர்களுக்கு இது புரியும். மேலே ஒரு புல் இல்லை, ஆனால் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் எடுக்கும் வைரல் லோடு மேலே இருப்பதை மட்டும்தான் எண்ணும்.

இந்தச் சேமிப்பு அணுக்கள் இருப்பதை 1997-ல் தனித்தனி ஆய்வுக்குழுக்கள் காட்டின. மருந்து விடாமல் எடுத்தாலும் இவை தானாகத் தீர்ந்துபோக 60 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று பிறகு கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் 2010-ல் எச்.ஐ.வி.யோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, பிறந்து 30 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினார்கள். ஒன்றரை வயதில் மருந்து நின்றுபோனது. இரண்டு ஆண்டுக்கு மேல், 27 மாதம், வைரஸ் தென்படவே இல்லை. குணமாகிவிட்டது என்று உலகமே கொண்டாடியது. 2014-ல் வைரஸ் திரும்பி வந்தது. வழக்கமாக மருந்தை நிறுத்துகிறவர்களுக்கு அவ்வளவு காலமெல்லாம் ஆகாது. இரண்டு, மூன்று, நாலு வாரத்தில் எண்ணிக்கை ஏறத் தொடங்கிவிடும். பெர்லின் நோயாளி என்று பேசப்பட்ட டிமோத்தி ரே பிரவுன் போல உண்மையாகவே குணமானவர்கள் உலகில் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் போன்ற வேறு நோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றப்பட்டது. உயிரைப் பணயம் வைக்கும் அந்தச் சிகிச்சையை, ஒரு மாத்திரையில் நன்றாக இருப்பவருக்கு யாரும் செய்ய மாட்டார்கள்.

மற்ற வைரஸ்களை இதனோடு வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். டெங்கு வைரஸ் ரத்தத்தில் இருப்பதே காய்ச்சலின் முதல் சில நாள்தான். ஒளிந்துகொள்ள அதற்கு இடமில்லை, போனால் போனதுதான். (சிக்கலே காய்ச்சல் விட்ட பிறகுதான் வரும் என்பதால், வைரஸ் போய்விட்டது என்று டெங்கு நோயாளியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அது தனிக் கதை.) மஞ்சள் காமாலை வைரஸ்களில் ஒன்றான ஹெபடைடிஸ் சி-யும் ஆர்.என்.ஏ. வகைதான், ஆனால் நம் டி.என்.ஏ.வோடு சேராது. அதனால் 12 வார மாத்திரையில் பெரும்பாலானவர்களுக்கு அடியோடு போய்விடும். மருந்து முடிந்து 12 வாரம் கழித்தும் வைரஸ் இல்லை என்றால் குணம் என்றே சொல்லிவிடுவார்கள். ஹெபடைடிஸ் பி அப்படிப் போகாது. கல்லீரல் அணுவின் உட்கருவுக்குள் தன் டி.என்.ஏ.வைச் சிறு வளையமாக வைத்துக்கொள்ளும். மருந்தால் எண்ணிக்கை அடங்கும், வளையம் இருக்கும். எச்.ஐ.வி. மருந்தில் உள்ள டெனோபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி-யையும் அடக்குபவை. இரண்டு வைரஸும் உள்ளவர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் எச்.ஐ.வி.யோடு கல்லீரலும் கொதித்துக் கிளம்பும்.

சின்னம்மை வைரஸ் நம் எல்லோருக்கும் பழக்கம். சின்ன வயதில் அம்மை போட்டு இறங்கிய பிறகு நரம்பு முடிச்சுகளில் போய்த் தங்கிவிடும். ஐம்பது அறுபது வயதில், எதிர்ப்புச் சக்தி தளர்ந்த நேரம் பார்த்து, இடுப்பிலோ முகத்திலோ ஒரு பக்கமாகக் கொப்புளம் கிளம்பும். அக்கி என்கிறோமே, அதுதான். காவி எழுதுவது எழுதட்டும், 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போய் மாத்திரை தொடங்கினால்தான் பலன் அதிகம். இளம் வயதில் ஒருவருக்கு அக்கி வந்தால் எச்.ஐ.வி. டெஸ்டும் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அந்த வயதில் அது வரக் காரணம் வேண்டும் அல்லவா.

சரி, உடம்பை விட்டுப் போகாத வைரஸ் அடுத்தவருக்குப் போகுமா? இங்கேதான் வல்லுநர்களே பல ஆண்டு வாதாடினார்கள். சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 2008-ல், மருந்தால் அடங்கிய ஒருவரிடமிருந்து உடலுறவில் தொற்றாது என்று துணிந்து அறிவித்தபோது பலரும் அவசரப்படுகிறார்கள் என்றார்கள். அப்புறம் ஆதாரங்கள் வந்தன. ஒன்பது நாடுகளில் 1,763 ஜோடிகளை வைத்து நடந்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. சென்னை, புனே ஜோடிகளும் அதில் உண்டு. மருந்தை முன்கூட்டியே தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்திருந்தது. அடுத்து ஐரோப்பாவில் இரண்டு கட்டமாக, 2016-லும் 2019-லும் முடிவு வந்த ஆய்வில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்து அது அடங்கியும் இருந்த ஜோடிகளைக் கவனித்தார்கள். ஆணுறை இல்லாத உறவு ஒரு லட்சம் தடவைக்கு மேல். துணையிடமிருந்து தொற்றியதாக ஒன்றுகூட இல்லை. இன்று உலக சுகாதார நிறுவனமே, கருவிக்கு எட்டாத அளவுக்கு அடங்கிய வைரஸ் உடலுறவில் பரவாது என்கிறது. வல்லுநர்கள் ‘யு ஈக்வல்ஸ் யு’ (கருவிக்குத் தெரியாவிட்டால் தொற்றாது) என்று சொல்வது இதைத்தான்.

எல்லை என்ன என்றும் சொல்ல வேண்டும். இது உடலுறவு பற்றிய முடிவு. ஊசியைப் பகிர்வதற்கு இந்த உறுதி கிடையாது. தாய்ப்பாலிலும் அபாயம் மிகக் குறைவு, பூஜ்யம் என்று சொல்வதற்கில்லை. அதனால் குழந்தைக்கும் மருந்து கொடுக்கிறார்கள். மருந்தே இல்லாவிட்டால் தாயிடமிருந்து 15 முதல் 45 சதவீதம் குழந்தைகளுக்குத் தொற்றும். கருத்தரிக்கும் முன்பே அடங்கியிருந்தால் பேறுகாலத்தில் தொற்றுவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. மேகவெட்டை, கிரந்தி போன்ற பால்வினை நோய்களை இந்த மாத்திரை தடுக்காது, அதற்கு ஆணுறைதான். தட்டு, தம்ளர், கக்கூஸ், கொசு இவற்றுக்கும் எச்.ஐ.வி.க்கும் வைரல் லோடு எவ்வளவாக இருந்தாலும் சம்பந்தமில்லை. ஆனாலும் டி.என்.டி. ரிப்போர்ட் வைத்திருக்கும் மருமகளுக்குத் தனித் தட்டு வைக்கும் வீடுகள் இருக்கின்றன. படித்த வீடுகளும்தான்.

இப்போது முன்பு சொன்ன குழப்பத்துக்கு வருவோம். நம் மாவட்டத்தில் வளைகுடாவுக்குப் போக மெடிக்கல் எடுக்காத குடும்பம் குறைவு. “வைரஸ் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, இனி மெடிக்கல் பாஸ் ஆகிவிடும்” என்று நம்பி ஏஜென்டிடம் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. பாஸ் ஆகாது. அங்கே பார்ப்பது ஆன்டிபாடி. அது ஒருமுறை உண்டானால் வைரஸ் அடங்கினாலும் ரத்தத்தில் இருக்கும். ஹெபடைடிஸ் சி-யில் முழுக்கக் குணமானவருக்குக்கூட ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ் காட்டும். மருந்தை நிறுத்திவிட்டுப் போனால் நெகட்டிவ் வருமா என்றும் கேட்கிறார்கள். வராது, வைரஸ்தான் ஏறும். யாருக்கும் தொற்றாத நிலையில் இருப்பவருக்கு வேலை விசா மறுப்பது அறிவியலுக்குப் பொருந்தாத விதி என்பது என் கருத்து. ஆனால் இன்றைக்கு விதி அதுதான். பணம் கட்டும் முன் தெரிந்திருப்பது நல்லது. உள்நாட்டில் அப்படி இல்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, இதைக் காரணம் காட்டி வேலையோ படிப்போ சிகிச்சையோ மறுப்பது சட்டவிரோதம். ஒருவருடைய நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதும் அப்படித்தான்.

மாத்திரை விட்டுப்போவதற்கு இங்கே முக்கியமான காரணம் மறதி அல்ல, தொழில். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகு திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே பாடுதான். நாள் தள்ளிப்போய் கையிருப்பு தீர்ந்தால், ரத்தத்தில் மருந்து அரைகுறையாக நிற்கும் நேரத்தில் வைரஸ் பெருகத் தொடங்கும். இந்த வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது நிறையப் பிழை விடும். பிழையில் பிறந்த ஏதாவது ஒன்று அந்த மருந்துக்கு அசையாததாக இருந்தால், அது மட்டும் தங்கிப் பெருகும். அப்புறம் பழைய மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டாலும் எண் இறங்காது. நிலையாக இருப்பவர்களுக்கு மையத்திலேயே இரண்டு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. கேரளத்திலோ வேறு மாநிலத்திலோ தங்கி வேலை பார்க்கிறவர்கள் அந்த ஊர் மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கிளம்பும் முன் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மாத்திரை ஒழுங்காகப் போயும் எண் ஏறினால் சில சமயம் குற்றவாளி கேஸ் மாத்திரை. வயிற்று அமிலத்தைத் தணிக்கும் சில மருந்துகளில் உள்ள அலுமினியம், மெக்னீசியம் போன்றவை டொலுடெக்ராவிரை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரையும் அப்படித்தான். கேஸ் மாத்திரை சாப்பிடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் கழித்தோ எச்.ஐ.வி. மாத்திரையைச் சாப்பிட வேண்டும். சர்க்கரைக்கு மெட்பார்மின் எடுப்பவர்கள் அதையும் ஏ.ஆர்.டி. டாக்டரிடம் சொல்ல வேண்டும். டொலுடெக்ராவிரோடு சேரும்போது ரத்தத்தில் மெட்பார்மின் அளவு கூடும் என்பதால், நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற இலவச எண் இருக்கிறது, பெயர் சொல்லாமலே பேசலாம்.